மூளைக்குக் குடிவந்த செல்

தாய்க்குத் தான் கருவுற்றிருப்பது அப்போதுதான் தெரியவந்திருக்கும். கருவுக்கு முகம் இல்லை, கைகால் இல்லை. மூளை இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய குழாய் ஒன்று மட்டும் இருக்கிறது. கருவை ஒட்டி மஞ்சள்கருப் பை என்ற சிறு பை இருக்கும். சில வாரங்களில் சுருங்கி இல்லாமல் போய்விடும் உறுப்பு அது. உடம்பின் முதல் ரத்த செல்கள் அதன் சுவரில்தான் உண்டாகின்றன. கூடவே, கழிவையும் கிருமியையும் விழுங்கிச் செரிக்கக்கூடிய செல்கள் கொஞ்சமும் பிறக்கின்றன. நாலைந்து வாரக் கருவில், அவற்றில் ஒரு கூட்டம் அங்கிருந்து கிளம்பி அந்தக் குழாய்க்குள் நுழைந்துவிடுகிறது. நினைவையும் பேச்சையும் சுமக்கப்போகும் நரம்பணுக்களில் பெரும்பாலானவை அப்போது பிறந்திருக்கவே இல்லை.

பிறகு ரத்தநாளங்களின் சுவர் இறுகி, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு எழும்புகிறது. எலும்பு மஜ்ஜை வேலையைத் தொடங்கி உடம்பு முழுவதற்கும் வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. ஆனால் அவை சாதாரண நாள்களில் மூளைத் திசுவுக்குள் வந்து தங்குவதில்லை. முன்பே வந்துசேர்ந்த கூட்டம்தான் அங்கேயே பெருகி, அங்கேயே மடிந்து, அங்கேயே மறுபடி பிறந்து, ஆயுள் முழுவதும் மூளையைப் பார்த்துக்கொள்கிறது. மைக்ரோக்ளியா என்பது அதன் பெயர். மூளையின் செல்களில் 100-க்கு ஏறத்தாழ 5 முதல் 10 வரை இவைதான்.

அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நரம்புச் சிதைவு நோய்களைப் பற்றிப் பேசும்போது ‘மூளை அழற்சி’ என்ற சொல் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. அழற்சி என்றதும் அதை அடக்கிவிட்டால் போதும் என்று நினைக்கத் தோன்றும். மருத்துவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. 30 ஆண்டுகளுக்கு மேல் அந்த நினைப்பில் மருந்துகள் சோதிக்கப்பட்டன, ஒவ்வொன்றாகத் தோற்றன. இந்தச் செல் எங்கிருந்து வந்தது, இளமையில் என்ன வேலை பார்த்தது, முதுமையில் என்ன ஆகிறது என்று தொடக்கத்திலிருந்து தொடர்ந்து வந்தால்தான் அந்தத் தோல்விகளின் காரணம் பிடிபடும். அதனால்தான் இதன் வழித்தடத்தை முழுதாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கண்ணெதிரே இருந்தும் இந்தச் செல் வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. 1906 நவம்பரில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண்மணியின் மூளையைப் பற்றி உரையாற்றினார். அகுஸ்தே டீட்டர் என்பது அவர் பெயர். 1901-ல், 51 வயதில், பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்; 1906 ஏப்ரலில் இறந்துபோனார். அவருடைய மூளைச் சீவல்களில் நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் இருப்பதை அல்சைமர் காட்டினார். அந்த இரண்டும் மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்துவிட்டன. மறு ஆண்டு அச்சான கட்டுரையில் அவர் இன்னொன்றையும் எழுதியிருந்தார். நரம்பணு அல்லாத துணைச் செல்கள் பலவற்றுக்குள் கொழுப்பு உருண்டைகள் திரண்டிருந்தன என்பது அந்தக் குறிப்பு. நூறாண்டுக்கு மேல் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

துணைச் செல்களைப் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்ததே காரணம். மூளைச் சீவல் கண்ணாடி போலத் தெளிந்த, நிறமற்ற ஒரு பொருள். எந்தச் சாயம் எதன்மேல் பிடிக்கிறதோ அதுதான் கண்ணுக்குத் தெரியும். மத்ரித் நகரில் சாந்தியாகோ ரமோன் இ காஹால் தம் சாயங்களால் நரம்பணுக்களை ஒன்றுவிடாமல் வரைந்து 1906-ல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். நட்சத்திர வடிவத் துணைச் செல்களையும் காட்டினார். மிச்சமிருந்த சிறு செல்களுக்குக் கைகளே இல்லை என்று எண்ணி, 1913-ல் அவற்றை ‘மூன்றாம் கூறு’ என்று ஒதுக்கி வைத்தார். கைகள் இருந்தன. அவருடைய சாயம் அவற்றில் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே ஊரில் பியோ தெல் ரியோ ஒர்தேகா என்றொரு மருத்துவர் இருந்தார். வயதோலித் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் 1882-ல் பிறந்தவர். தம் ஆசான் நிக்கோலாஸ் அச்சூக்காரோவிடம் வெள்ளிச் சாயக் கலையைக் கற்றார். ஆசான் 1918-ல் 37 வயதிலேயே இறந்துபோக, சாய வேலையை ஒர்தேகா தனியாகத் தொடர்ந்தார். அந்த வேலையைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. மூளைத்துண்டை ஃபார்மலினும் அம்மோனியம் புரோமைடும் கலந்த நீரில் ஊறவைத்து, உறையச்செய்து, மெல்லிய சீவல்களாக அறுக்க வேண்டும். இன்னொரு பக்கம் வெள்ளி நைட்ரேட் கரைசலில் சோடியம் கார்பனேட்டை ஊற்றினால் வெளிறிய வீழ்படிவு திரளும். அதில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். கடைசித் துகள் கரைந்த நொடியில் கையை நிறுத்திவிட வேண்டும். அம்மோனியா மிஞ்சினால் சாயம் சரியாகப் பிடிக்காது. சீவலை அந்த வெள்ளிக் கரைசலில் போட்டு, எடுத்து அலசி, நீர்த்த ஃபார்மலினில் இட்டால், எந்தச் செல் வெள்ளியைப் பிடித்துக்கொண்டதோ அது கறுத்து எழும்.

எழுந்தது அதுவரை யாரும் முழுதாகப் பார்க்காத ஓர் உருவம். நீண்ட சின்ன உட்கரு. அதிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் கிளம்பி, கிளைத்து, மறுபடி கிளைத்து, கிளை முழுக்கச் சின்னச் சின்ன முட்களோடு பரவியிருந்தன. ஒரு செல்லின் கிளை பக்கத்துச் செல்லின் கிளைமேல் ஏறாமல், ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் நின்றது. 1919-ல் ஒர்தேகா நான்கு கட்டுரைகளில் இதை அறிவித்து, மைக்ரோக்ளியா என்று பெயரிட்டார். காஹாலின் மூன்றாம் கூறு உண்மையில் இரண்டு வகைச் செல்கள் என்றும், அவற்றில் ஒன்றுதான் இது என்றும் காட்டினார்.

பெயர் வைத்ததைவிடப் பெரிய காரியம் அவர் அந்தச் செல்லின் வாழ்க்கையை ஊகித்ததுதான். இது நரம்பு மண்டலத்தின் சொந்தச் செல் இல்லை, வெளியிலிருந்து வந்தது என்றார். வரும்போது உருண்டையாக, அமீபா போல் ஊர்ந்து வருகிறது; வந்த இடத்தில் தங்கிக் கிளைவிடுகிறது; மூளைக்குக் கேடு வந்தால் கிளைகளை இழுத்துக்கொண்டு மறுபடி உருண்டையாகி, ஊர்ந்துபோய்ச் செத்ததை விழுங்குகிறது என்றார். செத்த திசுவின் அசையாத சீவல்களை மட்டுமே பார்த்து ஒருவர் இதைச் சொன்னார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. செல் புறப்படும் இடம் மூளையின் உறை என்று அவர் எண்ணியது ஒன்றுதான் பிசகு.

காஹாலுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. 1920-ல் காஹாலின் ஆய்வகத்தைவிட்டு அவர் வெளியேற வேண்டிவந்தது. மாணவர் விடுதி ஒன்றில் கிடைத்த சிறிய ஆய்வகத்தில் வேலையைத் தொடர்ந்தார். 1924-ல் அந்த ஆய்வகத்தைத் தேடிக்கொண்டு வைல்டர் பென்ஃபீல்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் வந்து சாயக்கலையைக் கற்றுப்போனார். பிற்காலத்தில் மான்ட்ரியால் நரம்பியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவர்தான். 1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒர்தேகா பாரிசுக்குப் போனார், பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்கு, 1940-ல் புவனஸ் ஐரிசுக்கு. அங்கேயே 1945-ல் இறந்தார். அவருடைய எச்சங்கள் வயதோலித் நகருக்கு வந்துசேர 1986 ஆகிவிட்டது. காஹாலின் பெயரைப் படிக்கும் மாணவர்கள் இந்தப் பெயரையும் கட்டாயம் படிக்க வேண்டும்.

அவர் போனபின் மைக்ரோக்ளியாவையும் அறிவியல் கைவிட்டதுபோல் ஆயிற்று. அவருடைய சாயம் எல்லோர் கைக்கும் வசப்படவில்லை. அப்படி ஒரு தனிச் செல் உண்டா என்றே சிலர் ஐயப்பட்டார்கள். மியூனிக்கில் கியோர்க் க்ரொய்ட்ஸ்பெர்க் போன்ற சிலர்தான் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1968-ல் அவரும் அவருடைய சகாவும் எலியின் முக நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். அந்த நரம்பு கிளம்பும் இடத்தில், மூளைத் தண்டுக்குள், மைக்ரோக்ளியா நரம்பணுவின் உடலைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, அதன்மேல் இருந்த நரம்பு இணைப்புகளைப் பெயர்த்து விலக்கியிருந்தது. பின்னால் வரப்போகும் கதையின் சரியான முன்னறிவிப்பு அது. 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹ்யூ பெரி, டேவிட் ஹ்யூம், சைமன் கோர்டன் மூவரும் விழுங்கி செல்களை மட்டும் அடையாளம் காட்டும் ஆன்டிபாடியைக் கொண்டு, எலிக்குஞ்சின் மூளையில் இந்தச் செல்கள் பரவும் விதத்தைக் காட்டினார்கள். வெள்ளிக் கரைசலோடு மல்லுக்கட்ட வேண்டிய காலம் முடிந்தது.

எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் 25 ஆண்டுகள் ஆயின. 2007-ல் வான்கூவரில் ஃபாபியோ ரோசியின் குழு, இரண்டு எலிகளை ஒரே ரத்த ஓட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி இணைத்துப் பார்த்தது. ஓர் எலியின் ரத்த செல்கள் மற்ற எலியின் உடம்பெங்கும் போயின. மூளையில் மட்டும் மைக்ரோக்ளியாவாக மாறிக் குடியேறவில்லை. 2010-ல் ஃப்ளோரான் ஜின்ஹூவும் மிரியம் மெராடும் சகாக்களோடு சேர்ந்து, எலிக்கருவின் மஞ்சள்கருப் பையில் பிறக்கும் செல்களுக்கு அழியாத அடையாளமிட்டு, வளர்ந்த எலியின் மூளையில் அதே அடையாளத்தைத் தேடினார்கள். மைக்ரோக்ளியாவில் அது இருந்தது. வெளியிலிருந்து வந்தது என்று ஒர்தேகா சொன்னது 91 ஆண்டுகளுக்குப் பிறகு உறுதியானது.

வந்து தங்கிய செல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. ஓய்வில் இருக்கும் மைக்ரோக்ளியா என்றுதான் பாடநூல்கள் எழுதிவந்தன. 2005-ல் ஹைடல்பெர்கில் ஆக்செல் நிம்மர்யானும் சகாக்களும், மைக்ரோக்ளியா மட்டும் பச்சையாக ஒளிரும்படி வளர்க்கப்பட்ட எலியின் மண்டையோட்டை ஒரு புள்ளியில் மெலிதாகச் சீவி, லேசர் நுண்ணோக்கியால் உயிரோடு இருக்கும் மூளைக்குள் பார்த்தார்கள். செல்லின் உடல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் கிளைகள் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நீள்கின்றன, நுனி விரிகிறது, தொட்டுப்பார்க்கிறது, சுருங்குகிறது, வேறு பக்கம் நீள்கிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூளையின் ஒவ்வொரு இடுக்கும் இப்படித் தொட்டுப் பார்க்கப்பட்டுவிடும் என்று கணக்கிட்டார்கள். லேசரால் ஒரு மெல்லிய ரத்தநாளத்தைக் காயப்படுத்தியபோது, சுற்றியிருந்த செல்களின் கிளைகள் எல்லாம் சில நிமிடங்களில் காயத்தை நோக்கித் திரும்பிவிட்டன. உடம்பிலேயே ஓய்வறியாத செல்களில் ஒன்றைத்தான் இத்தனை காலம் ஓய்விலிருப்பதாக எழுதிவந்தார்கள்.

காவல் மட்டும் அதன் வேலை இல்லை. பிறக்கும் குழந்தையின் மூளை தேவைக்கு மேல் நரம்பு இணைப்புகளை உண்டாக்கிவிட்டுப் பிறகு பலவற்றைக் கழிக்கிறது. மல்லிகைத் தோட்டக்காரர் வேண்டாத கிளைகளைக் கவாத்து செய்தால்தான் மிச்சமிருக்கும் கிளையில் பூ பிடிக்கும் என்பதைப் போலத்தான் இதுவும். எந்த இணைப்பு வேண்டாததோ அதன்மேல் சி1க்யூ, சி3 என்ற புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. ரத்தத்தில் கிருமியை அடையாளம் காட்டும் அதே புரதங்கள்தான். அந்த அடையாளத்தைக் கண்டு மைக்ரோக்ளியா வந்து இணைப்பை விழுங்கிவிடுகிறது. நரம்பியலாளர் பென் பாரஸின் ஆய்வகத்தில் இருந்தபோது பெத் ஸ்டீவன்ஸ் 2007-ல் இதன் முதல் பாதியைக் கண்டார். பிறகு பாஸ்டனில் அவருடைய சொந்த ஆய்வகத்தில் டோரி ஷேஃபர் 2012-ல் மறுபாதியைக் காட்டினார். இருவரும் ஆராய்ந்தவை கண்ணிலிருந்து மூளைக்கு வரும் நரம்புகளின் இணைப்புகள். நமக்குப் பார்வை தெளிவாக இருக்கிறது என்றால் அதில் இந்தச் செல்லின் பங்கும் உண்டு.

நாம் வளர, கவாத்து ஓய்கிறது, செல்லுக்கும் வயதாகிறது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏற்றிவிட்டிருந்தன. ஒரு செல் பிறந்த ஆண்டின் காற்று அதன் டி.என்.ஏ.வில் பதிந்திருக்கும். ஸ்வீடனில் யோனாஸ் ஃப்ரிசேனின் குழு 2017-ல் அதை அளந்து, மனித மைக்ரோக்ளியாவின் சராசரி வயது 4 ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்று சொன்னது. சில செல்கள் 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கின்றன. பழைய செல் தான் விழுங்கிய கழிவையெல்லாம் சுமந்துகொண்டே வேலை பார்க்கிறது.

நோயின் கட்டம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1980-களின் பிற்பகுதியில் வான்கூவரில் பாட்ரிக் மெக்கீரும் அவர் மனைவி ஈடித் மெக்கீரும், பார்க்கின்சன் நோயாலும் அல்சைமராலும் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தார்கள். மூளைக்குள் நோயெதிர்ப்பு வேலை எதுவும் நடப்பதில்லை என்பது அன்றைய பொதுக் கருத்து. அந்த மூளைகளில் நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருந்த இடங்களிலெல்லாம் மைக்ரோக்ளியா கிளை சுருங்கி, உடல் தடித்து, போருக்குரிய புரதத்தை மேலே அணிந்து நின்றது. முடக்குவாதத்துக்காகப் பல ஆண்டுகள் வலி மருந்து சாப்பிட்டவர்களிடம் அல்சைமர் குறைவாகக் காணப்படுகிறது என்றும் மெக்கீர் தம்பதியர் 1990-ல் சுட்டிக்காட்டினார்கள். அழற்சியை அடக்கு என்ற முழக்கம் அங்கிருந்து பிறந்தது.

ஆனால் எது முதல், எது பின்? செத்த நரம்பணுவைச் சுத்தம் செய்ய மைக்ரோக்ளியா வந்து நிற்கிறதா, அல்லது அதுவே கொல்கிறதா? இதற்கு யாரும் விரும்பாத ஒரு துயரம் விடை தந்தது. 1982-ல் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் சிலர் ஒரேயடியாக உறைந்துபோய் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பேச முடியவில்லை, அசைய முடியவில்லை. முற்றிய பார்க்கின்சன் நோயாளி எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார்கள். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் காரணத்தைத் துருவிக் கண்டுபிடித்தார். அவர்கள் எல்லோரும் தெருவில் விற்ற செயற்கை ஹெராயினை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள். தயாரிப்பில் நேர்ந்த கோளாறால் அதில் எம்.பி.டி.பி. என்ற நஞ்சு கலந்திருந்தது. சப்ஸ்டான்ஷியா நைக்ரா எனப்படும் மூளையின் கரும்பகுதியில் உள்ள டோபமைன் நரம்பணுக்களை மட்டும் தேடிக் கொல்லும் நஞ்சு. உடம்பிலிருந்து அது சீக்கிரமே வெளியேறிவிடும்.

அவர்களில் மூவர் பிற்காலத்தில் இறந்தபோது மூளைகள் ஆராயப்பட்டன. 1999-ல் வெளிவந்த அந்தக் கட்டுரை நரம்பியலில் ஒரு திருப்பம் என்றே சொல்வேன். ஊசி போட்டு 3 ஆண்டு முதல் 16 ஆண்டு வரை கடந்துவிட்டிருந்தது. நஞ்சு போய் எத்தனையோ காலம். ஆனாலும் கரும்பகுதியில் மைக்ரோக்ளியா திரண்டு, எஞ்சிய நரம்பணுக்களைச் சூழ்ந்து நின்றது. நரம்பணுக்கள் அப்போதும் அழிந்துகொண்டிருந்தன. காரணம் மறைந்த பின்பும் அழற்சி தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு நிற்க முடியும் என்பதை அந்த மூன்று மூளைகள் காட்டின.

தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது எப்படி என்று செல்லுக்குள்ளே போய்ப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் பான் நகரில் பணியாற்றிய மைக்கேல் ஹெனேக்கா. மைக்ரோக்ளியாவுக்குள் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதம் இருக்கிறது. ஆபத்தின் அறிகுறி பட்டதும் அது மற்றப் புரதங்களைக் கூட்டிச் சேர்த்து ஓர் எந்திரத்தைக் கட்டுகிறது. அந்த எந்திரம் இன்டர்லூகின்-1பீட்டா என்ற அழற்சிச் செய்தியை வெட்டி வெளியே அனுப்புகிறது. அல்சைமர் வரும்படி வளர்க்கப்பட்ட எலிகளில் இந்த ஒரு மரபணுவை நீக்கினால் நினைவாற்றல் பெருமளவு தப்புகிறது, அல்சைமர் பார்த்த வெளிப்படிவுகளின் பொருளான அமிலாய்டும் குறைகிறது என்று 2013-ல் அவருடைய குழு காட்டியது. 2017-ல் இன்னும் ஆழமான ஒன்றைக் கண்டார்கள். அந்த எந்திரத்தின் ஒரு பாகமான ஏ.எஸ்.சி. துகள்கள் மைக்ரோக்ளியாவிலிருந்து வெளியே கொட்டுகின்றன. அமிலாய்டு அந்தத் துகளில் ஒட்டி வேகமாகத் திரள்கிறது. திரண்ட அமிலாய்டு அடுத்த மைக்ரோக்ளியாவைத் தூண்டுகிறது. லாங்ஸ்டன் பார்த்த ஓயாத அழற்சிக்கு இப்படி ஒரு சுற்றுப்பாதையும் காரணமாக இருக்க முடியும்.

குழந்தைப் பருவத்து வேலையும் தவறான வயதில் திரும்பி வருகிறது. 2016-ல் ஸ்டீவன்ஸின் ஆய்வகத்தில் சோயோன் ஹாங், அல்சைமர் எலிகளின் மூளையில் படிவு தோன்றும் முன்பே சி1க்யூ அடையாளம் ஏறுவதையும், மைக்ரோக்ளியா நல்ல இணைப்புகளை விழுங்குவதையும் கண்டார். கண்ணையும் மூளையையும் பொருத்தமாக இணைத்துத்தந்த அதே கவாத்து, நினைவு இருக்கும் கிளையையும் வெட்டத் தொடங்கிவிடுகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு மைக்ரோக்ளியா வில்லன் என்று முடிவுகட்டுவது எளிது. அந்த முடிவைப் பின்லாந்திலும் ஜப்பானிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட நாசு-ஹக்கோலா நோய் தடுக்கிறது. இளம் வயதில் கை, கால் மூட்டெலும்புகளில் பொத்தல் விழுந்து எலும்பு முறியும். 30 வயதை ஒட்டியோ கடந்தோ குணம் மாறி, மறதி வந்து, 50 வயதுக்குள் இறந்துபோவார்கள். எலும்பைத் தின்று புதுப்பிக்கும் செல்லும் மைக்ரோக்ளியாவும் ஒரே வம்சம். இரண்டுக்கும் தேவையான டிரெம்2 என்ற உணர்வானின் மரபணு இரு பிரதிகளும் கெட்டுப்போவதும் ஒரு காரணம் என்று 2002-ல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் கண்டார்கள். மைக்ரோக்ளியா அடங்கிப்போனாலும் மறதி நோய் வருகிறது! 2013-ல் ஐஸ்லாந்திலும் பிரிட்டனிலும் மரபணு ஆய்வுகள் இதையே வேறு பக்கமிருந்து சொல்லின. டிரெம்2-வின் ஓர் எழுத்து மாறி அதன் வேலை மங்கியவர்களுக்கு அல்சைமர் ஆபத்து சுமார் 3 மடங்கு. அந்த உணர்வான் இல்லாத எலிகளில் மைக்ரோக்ளியா அமிலாய்டு படிவைச் சூழ்ந்து அணைப்பதில்லை. அணைக்கப்படாத படிவு சிதறி, பக்கத்து நரம்பிழைகளைக் கூடுதலாகக் கெடுக்கிறது.

ஒரே செல், ஒரே நோய். ஒரு பக்கம் படிவைச் சூழ்ந்து காக்கிறது, இன்னொரு பக்கம் இணைப்பைத் தின்கிறது. எப்போது எதைச் செய்கிறது என்று பாராமல் அழற்சியை மொத்தமாக அடக்கும் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நோயாளிகள் விலை கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2001-ல் தொடங்கிய சோதனை ஒன்றில், குடும்பத்தில் மறதி நோய் உள்ள, 70 வயது கடந்த 2,500-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். நாப்ராக்சனும் செலிகாக்சிபும் தரப்பட்டன. இதய ஆபத்து குறித்த கவலையால் 2004 டிசம்பரில் மாத்திரை நிறுத்தப்பட்டது. அல்சைமரைத் தடுத்ததற்கான பலன் எதுவும் தெரியவில்லை. ஏ.எல்.எஸ். என்ற நரம்புச் சிதைவு நோயில், மைக்ரோக்ளியாவை அடக்கும் மினோசைக்ளின் 400-க்கும் மேற்பட்டோருக்குச் சோதிக்கப்பட்டது. மருந்து சாப்பிட்டவர்கள் சாப்பிடாதவர்களைவிட வேகமாக நலிந்தார்கள் என்பது 2007-ல் வந்த முடிவு. ஒரு நம்பிக்கையோடு வந்து கையெழுத்திட்ட மனிதர்களுக்கு இப்படி நேர்ந்ததை எண்ணினால் மனம் கனக்கிறது. மறதி வராமலிருக்க வலி மாத்திரையைத் தினமும் விழுங்கலாமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேண்டாம். வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும், மூளைக்கு உதவும் என்று இந்தச் சோதனைகள் காட்டவில்லை.

அடக்குவதற்குப் பதில் தூண்டிவிட்டால்? அலெக்டர் என்ற நிறுவனம் டிரெம்2-வைத் தூண்டும் ஆன்டிபாடியைத் தயாரித்து, ஆரம்பநிலை அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்தது. 2024 நவம்பரில் அதுவும் பலனில்லை என்று தெரிந்தது. 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகானெமாப் வேறு வழியில் போகிறது. அது அமிலாய்டில் போய் ஒட்டிக்கொள்ள, அதைக் கண்டு மைக்ரோக்ளியா வந்து விழுங்குகிறது. நோய் ஓரளவு மெதுவாகிறது. சிலருக்கு மூளையில் வீக்கமும் கசிவும் உண்டாகின்றன. மருந்தின் நன்மையில் இந்தச் செல்லின் கை இருக்கிறது. தீமையிலும் அதன் பங்கு இருக்கும் என்றே பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1907-ல் அல்சைமர் குறித்துவைத்த கொழுப்பு உருண்டைகளும் திரும்பி வந்திருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் டோனி விஸ்-கோரேயின் குழு 2024-ல், அல்சைமர் நோயாளிகளின் மூளையில், குறிப்பாக ஏபிஓஇ4 என்ற மரபணு வடிவத்தின் இரு பிரதிகளையும் கொண்டவர்களிடம், கொழுப்பு உருண்டை நிரம்பிய மைக்ரோக்ளியா மிகுந்திருப்பதைக் காட்டியது. அந்தச் செல்கள் சுரப்பவை பக்கத்து நரம்பணுக்களைக் கெடுப்பதையும் ஆய்வகத்தில் கண்டார்கள். உண்டதைச் செரிக்க முடியாமல் போன செல்லை மறுபடி செரிக்கவைப்பது எப்படி என்று இப்போது தேடுகிறார்கள். அடக்கு, தூண்டு என்ற இரண்டு கட்டளைகளை விட்டுவிட்டு, செல்லுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த மாற்றம்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

பழைய செல்லைச் சரிசெய்ய முடியாவிட்டால் புதிய செல்லைக் கொண்டுவந்து வைக்கலாமா என்ற கேள்விக்கும் ஒரு விடை வந்திருக்கிறது. மைக்ரோக்ளியா உயிர் வாழ சி.எஸ்.எஃப்.1ஆர். என்ற உணர்வான் வேண்டும். அதன் மரபணு ஒரு பிரதியில் கெட்டுப்போனவர்களுக்கு நடுவயதில் மூளையின் வெண்பகுதி சிதையத் தொடங்கும். நடை தடுமாறும், குணம் மாறும், நினைவு போகும். சில ஆண்டுகளில் படுக்கையாகிவிடுவார்கள். 2025-ல் சீன ஆய்வாளர்கள், முதலில் எலிகளிலும் பிறகு 8 நோயாளிகளிடமும், கெட்ட மரபணு இல்லாத கொடையாளரின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்திய முடிவுகளை வெளியிட்டார்கள். ரத்தத்திலிருந்து செல்கள் மூளைக்குள் போய்க் குடியேறுவதில்லை என்பது ஆரோக்கியமான மூளைக்குரிய விதி. இங்கே பழைய குடிகள் மரபணுக் கோளாறால் நலிந்திருந்ததால் இடம் காலியாக இருந்தது. மஜ்ஜையிலிருந்து வந்த செல்கள் உள்ளே போய்த் தங்கி மைக்ரோக்ளியாவைப் போல் வேலை செய்தன. தொடர்ந்து கவனித்த 2 ஆண்டுக் காலத்தில் அந்த 8 பேரிடமும் நோய் மேற்கொண்டு முற்றவில்லை. மஜ்ஜை மாற்றுவதற்கு முன் தரப்படும் கடுமையான மருந்துகளை முதியவர்களின் உடம்பு தாங்காது என்பதால், இதே வழியை அல்சைமருக்குக் கொண்டுவருவதற்கு முன் அந்த மருந்துகளைக் குறைத்து மூளையில் மட்டும் இடம் காலிசெய்யும் முறைகளை எலிகளில் சோதித்துவருகிறார்கள்.